மடிச் சீட்டு

இரண்டு வயதாகப் பத்தொன்பது நாள் பாக்கி ஆல்வினுக்கு.
அதனால் தனி இருக்கை கிடையாது,
என் மடிதான் அவன் சீட்டு.
பன்னிரண்டு கிலோ.
சுகந்தி லண்டன் போனபோது எட்டரை.

குர்லாவில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே
வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும் விமானங்கள்.
சக்கரம் விரிந்ததா என்று எப்சிபா சரிபார்ப்பாள்.
அவள் தலையாட்டினால்தான்
சஹாரில் தரை தொட அனுமதி.
இன்றைக்கு அந்த வயிற்றுக்குள்ளே போகிறோம் என்றேன்.
“மீன் முழுங்கின மாதிரியா?”
ஆமாம்.
“மூணு நாளா?”
இல்லடி, ஒரே ராத்திரி.

சோதனை வரிசையில் பால் புட்டியைக் காட்டி
‘பீகே திகாவ்’ என்றாள் காக்கிக்காரி.
நடுநிசி ஒரு மணிக்கு
முப்பத்தாறு வயதில்
முழு வரிசையும் பார்க்க
ரப்பரைக் கவ்விக் குடித்தேன்.
தன் பங்கு போயிற்றென்று ஆல்வின் போட்ட கூச்சலில்
பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம்
அப்படியே நின்றார்கள்.
அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மேலே ஏறியதும் கடல்தான்.
ஒரு கை அளவு வெளிச்சம், அப்புறம் அதுவும் இல்லை.
எப்சிபா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி,
“இப்போ நம்ம மாடில யாரு சக்கரம் பாக்குறது?”
பதில் இல்லை என்னிடம்.
சீட்டுக்கு அலைந்தேன், விசாவுக்கு அலைந்தேன்,
இதற்கு ஆள் போட மறந்துவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் சட்டை கசங்காத ஒருவர்.
எங்களைக் கண்டதுமே கண்ணை மூடிக்கொண்டார்.
ஆல்வின் அழுதபோது திறந்தார்.
திரும்ப அழுதபோது திறக்கவில்லை.
மன்னிப்புக் கேட்க ஹிந்தியில் ஒரு வாக்கியம் கட்டி
இரண்டு மணி நேரம் வாயில் வைத்திருந்தேன்.

அழுகை காதுவலிக்கு இல்லை.
ராத்திரி பத்து மணிக்கு வருகிற அம்மா வரவில்லை.
அவனுக்கு அம்மா என்றால்
என் சட்டைப் பையில் இருக்கிற அந்தச் சாமான்.
அதற்குத்தான் முத்தம், அதற்குத்தான்
எச்சில் பண்ணின பிஸ்கட்டில் பாதி.
எடுத்துக் கொடுத்தேன்.
திருப்பினான், தட்டினான், காதில் வைத்தான்,
கதவைத் தட்டுகிற மாதிரி
விரல் மடக்கி மறுபடி தட்டினான்.
மூலையில் குட்டி விமானம் மட்டும் நின்றது.

“லூசு, அம்மா இதுக்குள்ள இல்ல,” என்றாள் எப்சிபா.
“அம்மாக்குக் காலெல்லாம் இருக்கு.”

அவன் நம்பவில்லை.
நடக்க வேண்டும் என்றான்.
நாற்பத்தொன்றாம் வரிசையிலிருந்து திரைச்சீலை வரை,
திரைச்சீலையிலிருந்து கழிப்பறை வரை,
போர்வைக்கு வெளியே நீட்டிய
ஒவ்வொரு பாதத்தின் முன்னும் நின்று
குனிந்து பார்த்தான்.
எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.
மேற்கே போனால் விடிய நேரமாகுமாம்,
யாரோ இருட்டை இழுத்துக்கொண்டே கூட வருகிற மாதிரி
ஜன்னலில் அதே கறுப்பு.

எப்போது தூங்கினேன்?
கண் விழித்தபோது மடி காலி.
உயிர் ஒரு கணம் வெளியே போய் வந்தது.
ஆல்வின் பாதி என்மேல், பாதி அவர்மேல்.
கசங்காத சட்டையின் வலது கை முழுக்க
எச்சில் வரைந்த தேசம்.
அவர் இடது கையால் இட்லி தின்றுகொண்டிருந்தார்,
சாம்பார் சொட்டாமல், வெகு சிரமப்பட்டு.
‘சோனே தோ’ என்றார்.
என் வாக்கியம் வாயிலேயே கரைந்தது.

தரை தட்டியதும் பைகளில் எல்லாம்
போன்கள் முனகின.
கால் உள்ள அம்மாவைப் பார்த்து
இவன் ஓடுவானா, ஒளிவானா,
என் சட்டைப் பையைத்தான் தடவுவானா
என்று நினைத்துக்கொண்டே எழுந்தால்
இடது பக்க ஷூவைக் காணோம்.

இருக்கைக்கடியில் முழந்தாளிட்டுத் தேடுகிறேன்.
பின்னால் வரிசை நெளிகிறது.
“சீக்கிரம்ப்பா,” என்கிறாள் எப்சிபா,
“ஒத்தை ஷூவோட போனா
அம்மா உங்களைத் திட்டுவாங்க.”

பதினொரு மாசம் ஆயிற்று
என்னை யாரும் திட்டி.
தேடுவதை நிறுத்தி எழுந்துகொண்டேன்.